கந்தோருக்கும் ஸ்கூலெனுக்கும்

அண்மையில் வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் வீட்டில் இருந்தபோது, ஒஸ்லோவிலிருந்து அவரது பேத்தி தொலைபேசியில் பேசினாள். "அப்பப்பா, நாளைக்கு நான் ஸ்கூலெனுக்குப் போகமாட்டன்" என்றாள். 'இவளோடு தமிழ் முடிந்தது' என்று நண்பர் கலங்கினார். எனக்கோ டென்மார்க் அறிஞர் ஒருவரின் நினைவு வந்தது.

ரஸ்முஸ் ராஸ்க் 1811 இல் ஐஸ்லாந்து மொழிக்கு இலக்கணம் எழுதியவர். மொழிகளைத் தேடி ரஷ்யா, பாரசீகம், இந்தியா வழியாகப் பயணம் செய்து 1821 இல் கொழும்பை அடைந்தார். இங்கே பாளியும் சிங்களமும் கற்றார். சிங்கள எழுத்தைப் பற்றி டேனிஷ் மொழியில் அவர் எழுதிய சிறுநூல் அவ்வாண்டிலேயே கொழும்பில் அச்சேறியது.

மொழிகளின் உறவை அறியச் சொற்களைவிட இலக்கணமே உறுதியான சான்று என்பது 1818 இல் வெளியான அவரது ஆய்வின் கருத்து. சொற்கள் வணிகத்தோடு வந்துபோகும். பெயர்கள் ஏற்கும் உருபுகள் எளிதில் கைமாறுவதில்லை.

ஐஸ்லாந்து மொழியில் குதிரை 'ஹெஸ்துர்'. குதிரையை என்பதற்கு 'ஹெஸ்த்', குதிரைக்கு என்பதற்கு 'ஹெஸ்தி', குதிரையின் என்பதற்கு 'ஹெஸ்த்ஸ்'. நமது வேற்றுமைகளைப் போன்றதே இந்த அமைப்பு. அதன் உறவு மொழியான நோர்வே மொழி இவற்றுட் பெரும்பாலானவற்றை இழந்துவிட்டது. ஆயினும், குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் விகுதி அங்கே பெயரின் இறுதியில் ஒட்டுகிறது. 'ஸ்கூலெ' என்றால் பாடசாலை. 'ஸ்கூலென்' என்றால் அந்தப் பாடசாலை. பன்மையில் 'ஸ்கூலெர்', 'ஸ்கூலெனெ' என்றாகும்.

என் இளமையில் கொட்டாஞ்சேனைப் பெரியவர்கள் காலையில் 'கந்தோருக்கு'ப் புறப்படுவார்கள். கந்தோர் ஒல்லாந்தச் சொல். 1796 இல் ஒல்லாந்தர் கொழும்பை இழந்தனர். அவர்களது சொல் இங்கே தங்கிவிட்டது. அது நமது 'கு' உருபை ஏற்றே தங்கியது. அதனால் எவரும் தமிழை இழந்துவிடவில்லை.

அந்தச் சிறுமியின் 'ஸ்கூலெனுக்கு' என்ற சொல்லிலும் இதுவே நிகழ்ந்திருக்கிறது. நோர்வே விகுதியோடு வந்த பெயர்மீது நான்காம் வேற்றுமை உருபு ஏறி நிற்கிறது. பெயர் அவர்களுடையது, அதனை வாக்கியத்தில் இருத்துவது தமிழ்.

நண்பரிடம் இதைக் கூறினேன். அவரது கவலை முற்றாகத் தீரவில்லை. தீர வேண்டியதும் இல்லை. புலம்பெயர்ந்த வீடுகளில் முதலில் சொற்கள் போகும். கவனிக்காதுவிட்டால் உருபுகளும் ஒருநாள் போய்விடும். ஆனால் அந்த நாள் இன்னும் வரவில்லை.

"பாடசாலை என்ற சொல்லை அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்றேன். "கு அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது."