நாவறியா நஞ்சு

2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் பாக்கெட்டுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ‘குடித்தவர்தம் அறியாமை’ என்று நம்மிற் பலர் தீர்ப்பெழுதி நகர்ந்துவிட்டோம். அத்தீர்ப்பை வரலாற்றின் துணைகொண்டு சற்றே மறுபரிசீலனை செய்வோம்.

கல்வராயன் மலையில் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சும் கள்ளச்சாராயம் நெடுநாள் வழக்கம். அதன் தரத்தை மூக்கும் நாவுமே சொல்லின. கருணாபுரத்தில் விற்றதோ தொழிற்சாலைக்குரிய மெத்தனால் கலந்தது. நிறத்திலும் மணத்திலும் அது குடிக்கும் ஆல்ககாலையே ஒக்கும். கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாகிக் கண்நரம்பைத் தாக்கப் பல மணி நேரம் செல்லும். பழகிய நா ஏமாற்றியது. உடல் உண்மை உரைத்தபோது காலம் கடந்திருந்தது.

இதே பாடத்தை உலகம் வேறொரு துறையில் கற்றது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்க டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் பள்ளியில், கசிந்த எரிவாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர் மாண்டனர், பெரும்பாலோர் சிறார். மணமற்ற வாயுவின் கசிவை எவரும் உணரவில்லை. ‘எச்சரிக்கையாயிருங்கள்’ என்னும் அறிவுரையோடு நில்லாது, வாயுவில் நாற்றம் சேர்க்க அம்மாநிலம் சட்டம் இயற்றியது. நம் வீட்டுச் சிலிண்டரில் வீசும் மெர்கேப்டன் நாற்றமும் அத்தகைய காவலே.

நஞ்சுக்கும் அவ்வாறு குரல் கொடுக்கலாம். 1958-இல் எடின்பரோவில் கண்டறியப்பட்ட டினாடோனியம், துளியளவிலேயே துப்பவைக்கும் கசப்புடையது. குடிக்கலாகாத ஆல்ககாலில் பல நாடுகள் அதைக் கலக்கின்றன. சில தொழில்களுக்குத் தூய மெத்தனால் தேவை என்பது மெய்யே. அங்கே பூட்டும் கணக்கும் இறுகட்டும்; ஏனையவற்றில் கசப்பும் நிறமும் சேரட்டும்.

மனிதன் தவறுவான் என்பதை ஒப்புக்கொண்டு அமைப்பதே காவல். தவறியவனைப் பழித்தல் காவலாகாது.