செயலிக்கு முதல் சொல்

1990இல் போர் மறுபடி தொடங்க, குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. அந்த இருட்டுக்குள்ளதான் 1993இல் உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் 'மனவடு' நூல் தமிழில் வந்தது. மருந்தோடு நிற்காமல் ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் அவரும் சகாக்களும் உளவளத்துணைப் பயிற்சி கொடுத்தார்கள். ஏனெண்டால், இங்க ஆரும் "எனக்கு மனச்சோர்வு" எண்டு வந்து சொல்வது குறைவு. "நெஞ்சு படபடக்குது", "ஒரே யோசினை" எண்டுதான் சொல்வார்கள். அந்தப் பெருமூச்சை விளங்கிக்கொள்ள ஊருக்குள்ளேயே ஆள் வேணும்.

இப்ப எங்கட கையில போன் இருக்கு. உளநலச் செயலிகளின் கேள்விகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழுக்கு மாற்றியவை. "மனச்சோர்வு உண்டா?" எண்டால் அம்மம்மா "இல்லை" எண்டு அமத்திவிடுவா. செயலியும் அவ சுகமெண்டு பதிந்துவிடும்.

யாழ்ப்பாணத்துக்குச் செயலி செய்ய நினைக்கிற நாங்கள் அவவின்ர "யோசினை"யில் இருந்து தொடங்கவேணும். கடைசியில் அது அவவைத் திரையோடு விடாமல், கதை கேட்க ஒரு மனிசரிட்டக் கொண்டுபோய்ச் சேர்க்கவேணும்.