கிழக்கு ஜன்னல்



மார்க்கையன்கோட்டையின் வயல்வரப்பில் நின்று கிழக்கே முகம் திருப்புங்கள். சற்றே தெற்கு நோக்கிச் சாய்ந்து, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவிலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே கண்களை ஏறெடுங்கள். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், அந்த வெற்றிடத்திலிருந்து தமிழ்ப் பாடல்கள் இறங்கிவந்துகொண்டிருந்தன. ஏசியாஸ்டார் என்னும் செயற்கைக்கோள், சிங்கப்பூருக்குச் சற்றுக் கிழக்கே, நிலநடுக்கோட்டின்மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்றிருந்தது.

கம்பம் பள்ளத்தாக்கிற்கு மலைகள் அழகு. வானொலிக்கு அவை தடை. மேற்கே கேரள எல்லை மலைகள், தென்கிழக்கே மேகமலை. அதனால் நம் முன்னோர் சிற்றலையையே நம்பியிருந்தார்கள். சீஷெல்ஸ் தீவில் பவளத்திட்டின்மேல் கம்பங்களை நட்டு, 1970 முதல் 2003 வரை ஃபீபா வானொலி ஒலிபரப்பிய நற்செய்தி நிகழ்ச்சிகளை மூத்த விசுவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். வளிமண்டலத்தின் உயரடுக்கில் பட்டுத் தெறித்து வந்த ஒலி அது. சில நாள் தெளிவாகவும், சில நாள் சீழ்க்கையும் இரைச்சலுமாகவும் கேட்கும்.

எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா, 1990-இல் வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எய்ட்ஸ் நோயைப் பற்றிய எச்சரிக்கைகூடச் சென்றடையாத ஆப்பிரிக்கக் கிராமங்களே அவர் மனத்தை உறுத்தின. கோபுரம் எட்டாத ஊருக்கு வானத்திலிருந்து நேரே ஒலி இறங்கினால் என்ன? 1998 அக்டோபரில் ஆஃப்ரிஸ்டார் ஏவப்பட்டது. 2000 மார்ச் 21 அன்று, தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியேன்-5 ஏவூர்தி ஏசியாஸ்டாரைச் சுமந்து சென்றது. அதே ஏவூர்தியில் நம் நாட்டின் இன்சாட்-3பி செயற்கைக்கோளும் உடன்பயணியாகப் போனது என்பது பலர் அறியாத செய்தி. தமிழுக்கு கே.எல். ரேடியோ, கர்நாடக இசைக்கு ஸ்ருதி என்று தனித்தனி அலைவரிசைகள் வந்தன. ஏ.ஆர். ரஹ்மான் அந்நிறுவனத்துக்கு அடையாள இசை அமைத்துக் கொடுத்தார். பக்கத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பாட்டு, ஏறி இறங்கி 72,000 கிலோமீட்டர் கடந்து மார்க்கையன்கோட்டைக்கு வந்து சேர்வதை எண்ணிப்பாருங்கள்!

ஆனால் அந்த ஒலி நிபந்தனையோடு வந்தது. கருவியோடு ஒரு தட்டையான சிறு ஆன்டெனா இருக்கும். அதைக் கிழக்கு ஜன்னலிலோ மாடியிலோ வைத்து, செயற்கைக்கோளை நோக்கிச் சாய்க்கவேண்டும். அதன் அலைநீளம் 20 சென்டிமீட்டர் அளவே. இவ்வளவு குறுகிய அலை, 36,000 கிலோமீட்டர் கடந்து மெலிந்து வரும்போது, மனித உடலே அதற்குச் சுவராகிவிடும். குறுக்கே ஒரு தென்னை ஓலை அசைந்தாலும் பாட்டு அறுந்துபோகும். தென்னை நிறைந்த நம் பள்ளத்தாக்கில் இது சிறு தொல்லை அல்ல. மலைகளை வென்ற ஒலி, ஓலைக்குத் தோற்றது. பாபிலோனில் எருசலேமுக்கு நேரே ஜன்னலைத் திறந்துவைத்த தானியேலைப் போல, கேட்பவர் ஒரு திசைக்கும் ஒரு ஜன்னலுக்கும் கட்டுப்பட்டிருந்தார்.

இந்தக் கட்டு அவிழ்ந்தது அமெரிக்காவில். அங்கே 2001-இல் ஒலிபரப்பைத் தொடங்கிய எக்ஸ்எம் நிறுவனத்தின் தொடக்க முதலீட்டாளர்களில் வேர்ல்ட்ஸ்பேஸும் ஒன்று. 2004-இல் கைக்குள் அடங்கும் மைஃபை கருவி வந்தது. ஆயினும் சட்டைப்பையில் இட்டால், உடலே அலையை மறைத்தது. 2006-இல் போட்டி நிறுவனமான சிரியஸ் வெளியிட்ட ஸ்டிலெட்டோ 100 கருவிக்கு, ஆன்டெனாவையே உள்ளடக்கிய ஹெட்போன் உண்டு. எளிய யோசனைதான். நடக்கும் மனிதனின் உடலில் எப்போதும் வானத்தைப் பார்த்திருக்கும் இடம் எது? தலையுச்சி. அங்கே அலை படும். ஒயர் வழியே கருவிக்கு இறங்கும். அதே ஒயரில் பாட்டு காதுக்குத் திரும்பும். அந்த அலைகளின் நீளம் 13 சென்டிமீட்டர் அளவே என்பதால், ஆன்டெனாவும் சிறிதாயிற்று. கேட்பவர் ஜன்னலை விட்டுத் தெருவில் இறங்கினார்.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். ஹெட்போன் மட்டும் அந்த விடுதலையைத் தரவில்லை. அமெரிக்க நகரங்களில் கட்டடங்களின் நிழலைச் சரிசெய்ய, தரையில் மறுஒலிபரப்பிகளையும் நட்டிருந்தார்கள். கோபுரமே இல்லாதவருக்காகப் பிறந்த யோசனை, கோபுரம் மிகுந்த நகரங்களில்தான் கால் முளைத்து நடந்தது. நம் நாட்டிலோ சந்தா கட்ட இயன்றவரின் வீட்டுக்குள்ளேயே அது நின்றுவிட்டது. சமாரா நினைத்த கிராமத்தான் விலை கேட்டுத் திரும்பியிருப்பான்.

2008 அக்டோபரில் வேர்ல்ட்ஸ்பேஸ் திவால் பாதுகாப்பு கோரியது. இந்தியச் சேவை 2009 டிசம்பர் 31 அன்று முடிந்தது. சபைகள் ஆண்டிறுதி ஆராதனைக்குக் கூடும் இரவு அது. நாம் புத்தாண்டை வரவேற்றுப் பாடிய வேளையில், எத்தனையோ வீடுகளின் கிழக்கு ஜன்னலில் பெட்டிகள் ஊமையாயின.

நம் ஊரில் வானொலியை ஜன்னலிலிருந்து விடுவித்தது வேறொரு ஒயர். பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசியில் பண்பலை கேட்டவர்களுக்குத் தெரியும்: ஹெட்போனைச் செருகாவிட்டால் அது பாடாது. காரணம், அந்த ஒயரே அதன் ஆன்டெனா. பண்பலையின் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் கால்பங்கு, முக்கால் மீட்டர். காதிலிருந்து இடுப்புமடிப்புவரை தொங்கும் ஒயரின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே! வடக்கே கொடைக்கானல் மலையுச்சியிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் அகில இந்திய வானொலியை, நாற்று நடும் சகோதரிகள் சேற்றில் நின்றபடியே கேட்க அது போதும். சந்தா இல்லை, திசை பார்க்கவும் வேண்டாம். மறைத்து நின்ற மலைகளில் ஒன்றே ஒலிபீடமானது.

உங்கள் வீட்டுப் பரணில் அந்தத் தட்டை ஆன்டெனா கிடந்தால், பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எடுத்துத் துடைத்து, எந்த ஜன்னலில், எந்தப் பக்கம் சாய்த்து வைத்திருந்தீர்கள் என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.