அறம் ஊருக்கு ஊர் மாறுமா? 1947ஆம் ஆண்டு மானிடவியலாளர் அறிக்கையும் மனித உரிமைப் பிரகடனமும்

பாரசீகப் பேரரசர் தாரியஸ் தம் அவையிலிருந்த கிரேக்கர்களை அழைத்து, என்ன விலை கொடுத்தால் இறந்த தந்தையின் உடலை உண்பீர்கள் என்று கேட்டாராம். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள் கிரேக்கர்கள். அவர்கள் பிணத்தை எரிப்பவர்கள். பின்னர், பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுடையவர்களாகச் சொல்லப்பட்ட இந்திய இனத்தார் சிலரை வரவழைத்து, என்ன விலைக்கு அவ்வுடலை எரிப்பீர்கள் என்று கேட்டார். அவர்கள் அலறி, அப்படிப்பட்ட பேச்சே வேண்டாம் என்றார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த கதை இது. வழக்கமே எல்லாரையும் ஆளும் அரசன் என்பது அவர் அதிலிருந்து எடுத்த முடிவு.

சரி, தவறு என்பவை அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தைப் பொறுத்தவையே என்னும் கருத்துக்குப் பண்பாட்டுச் சார்புவாதம் என்று பெயர். அதற்கு மிகப் பழைய சான்றாக இக்கதையே காட்டப்படுகிறது. ஆனால் கதையைச் சற்று நின்று பார்த்தால் வேறொன்றும் தெரியும். இறந்த தந்தைக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்தே தீர வேண்டும் என்பதில் இரு கூட்டத்தாருக்கும் வேறுபாடு இல்லை. செய்யும் முறையில்தான் வேறுபாடு.

இக்கருத்து இருபதாம் நூற்றாண்டில் அறிவுத்துறையின் வலுவோடு மீண்டும் எழுந்தது. அதற்குக் காரணமானவர்களுள் முதன்மையானவர் பிரான்ஸ் போவாஸ் (1858–1942). ஜெர்மனியில் பிறந்து இயற்பியல் பயின்ற அவர், 1883இல் பாஃபின் தீவுக்குச் சென்று இனூயிட் மக்களோடு வாழ்ந்தார். பின்னர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலை வளர்த்தெடுத்தார். மனித இனங்களை உயர்ந்தவை, தாழ்ந்தவை என்று ஏணிப்படிகளாக அடுக்குவதே அன்று அறிவியலாகக் கருதப்பட்டது. அதைப் போவாஸ் வாழ்நாள் முழுதும் எதிர்த்தார். 1933இல் நாஜிகள் எரித்த நூல்களில் அவருடையதும் உண்டு. ஆகவே சார்புவாதம் தொடக்கத்தில் ஆதிக்கத்துக்கு எதிரான ஆயுதமாகவே இருந்தது. பிற்காலத்தில் அது பட்ட பாட்டைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

1947ஆம் ஆண்டு அறிக்கை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமை ஆணையம் ஒன்றை அமைத்தது. எலினார் ரூஸ்வெல்ட் தலைவர்; சீனாவின் பி.சி. சாங் துணைத்தலைவர்; லெபனானின் சார்லஸ் மாலிக் அறிக்கையாளர். உலகம் முழுமைக்குமான உரிமைப் பட்டியல் ஒன்று தயாராகிறது என்றதும் அமெரிக்க மானிடவியல் சங்கம் கவலை கொண்டது. போவாஸின் மாணவரான மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் எழுதிய அறிக்கையொன்றை 1947இல் ஆணையத்துக்கு அனுப்பியது.

அதன் சாரம் இதுதான். மனிதன் தன் பண்பாட்டின் வழியாகவே மனிதனாகிறான். ஆகவே தனிமனிதனை மதிப்பதென்றால் அவன் பண்பாட்டையும் மதிக்க வேண்டும். பண்பாடுகளுள் எது மேல், எது கீழ் என்று அளக்க அறிவியலில் அளவுகோல் இல்லை. விழுமியங்கள் அவை தோன்றிய பண்பாட்டைச் சார்ந்தவை. அப்படியிருக்க, மேற்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் தம் விழுமியங்களை உலகத்தின் விழுமியங்களாக அறிவிக்கலாமா?

கேள்வி நியாயமானதே. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பகுதி அப்போது அடிமைப்பட்டிருந்தது. நாகரிகப்படுத்துகிறோம் என்று சொல்லியே அந்நாடுகள் கொள்ளையிடப்பட்டன. ஆனால் அறிக்கைக்கு உள்ளேயே ஓர் ஓட்டை இருந்தது. எல்லாப் பண்பாடும் மதிக்கத்தக்கது என்றால் நாஜி ஜெர்மனியை என்ன செய்வது? இதற்காக, அரசு தவறும்போது அம்மக்களின் அடிப்படை விழுமியங்களைக் கொண்டே அதைத் திருத்தலாம் என்ற பொருளில் ஒரு விதிவிலக்கு எழுதிச் சேர்க்கப்பட்டிருந்தது. மானிடவியலாளர் ஜூலியன் ஸ்டூவர்ட் மறு ஆண்டே இதைச் சுட்டிக்காட்டினார். ஒன்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும், அல்லது அடக்குமுறையை எங்கும் எதிர்க்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியாது என்பது அவர் வாதம்.

பண்பாட்டின் சார்பில் பேசியவர்கள்

அறிக்கை எதிர்பார்க்காத ஒன்று ஐ.நா. அவையில் நடந்தது. யாருடைய பண்பாட்டை மேற்கிடமிருந்து காக்க வேண்டும் என்று அது கவலைப்பட்டதோ, அவர்களுள் சிலர் நேரில் வந்து பேசினார்கள். அவர்கள் ஒரே குரலில் பேசவில்லை.

இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா, 'ஆண்கள்' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் எழுதப்பட்டிருந்த முதற்பிரிவை ஏற்கவில்லை. எல்லா மனிதப் பிறவிகளும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கின்றனர் என்ற பொருள் ஐயமின்றி வரும்படி மாற்ற வேண்டும் என்று போராடி வென்றார். அவர் நாகர் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, வேறு சாதியைச் சேர்ந்த ஜீவராஜ் மேத்தாவை மணந்து சமூகத்தின் எதிர்ப்பைச் சந்தித்தவர். வழக்கத்தை மீறுவதன் விலை அவருக்குத் தெரியும்.

1948இல் பாரிஸில் நடந்த விவாதத்தில், சம்மதத்தோடு கூடிய சமத்துவத் திருமணம் பற்றிய 16ஆம் பிரிவை சவூதி அரேபியாவின் பிரதிநிதி ஜமீல் பரூதி மேற்கத்திய அளவுகோல் என்று எதிர்த்தார். பாகிஸ்தானின் ஷாயிஸ்தா இக்ராமுல்லாவோ, குழந்தைத் திருமணத்தையும் சம்மதமில்லாத திருமணத்தையும் தடுக்கும் என்று அதே பிரிவை ஆதரித்தார். மதம் மாறும் உரிமையைச் சவூதி தரப்பு ஏற்கவில்லை. பாகிஸ்தானின் ஜஃபருல்லா கான் குர்ஆனையே சான்றாகக் காட்டி அதை ஆதரித்தார். இருவரில் யார் பேசியது இஸ்லாமியப் பண்பாடு? பண்பாட்டைப் பொறுத்தது அறம் என்று சொல்பவர்கள் இந்தக் கேள்விக்கு முதலில் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

1948 டிசம்பர் 10 அன்று பிரகடனம் நிறைவேறியது. ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 8. சோவியத் ஒன்றியமும் அதன் அணி நாடுகளுமாக ஆறு. மற்ற இரண்டு சவூதி அரேபியாவும் தென்னாப்பிரிக்காவும்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது

தென்னாப்பிரிக்காவில் அவ்வாண்டு மே மாதம்தான் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. அதன் நிறவெறிக் கொள்கையை வகுத்தவர்களுள் ஒருவரான வெர்னர் ஐசலன் ஒரு மானிடவியலாளர்; ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். கறுப்பின மக்கள் பிறப்பால் தாழ்ந்தவர்கள் என்று அவர் வாதிடவில்லை. ஒவ்வொரு மக்களுக்கும் தனிப் பண்பாடு உண்டு, கலந்தால் அது சிதையும், ஆகவே பிரித்தே வளர்க்க வேண்டும் என்றார். கேட்பதற்கு ஹெர்ஸ்கோவிட்ஸின் அறிக்கை போலவே இருக்கும். அவர் தலைமையிலான குழுவின் 1951ஆம் ஆண்டு அறிக்கையை ஒட்டி 1953இல் பாண்டு கல்விச் சட்டம் வந்தது. தாய்மொழிக் கல்வி என்ற நல்ல பெயரையும் அது சூட்டிக்கொண்டது. நமக்கு இனிக்கும் சொல்தான். ஆனால் கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையருக்கு உழைக்கும் வேலைகளுக்கு மேல் எழவிடாமல் வைப்பதே அதன் பயன். 1955இல் பல ஊர்களில் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர்.

அம்மக்கள் எதைக் கேட்டார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 1943இலேயே, ஏ.பி. சூமாவின் தலைமையில், 'தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கர்களின் கோரிக்கைகள்' என்ற ஆவணத்தை ஏற்றிருந்தது. வாக்குரிமை, நில உரிமை, சட்டத்தின் முன் சமத்துவம் ஆகியவை அதில் இருந்தன. ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் 1941இல் வெளியிட்ட அட்லாண்டிக் சாசனத்தை எடுத்து, இது எங்களுக்கும் பொருந்தும் என்று எழுதினார்கள். ஐ.நா. ஆணையம் அப்போது பிறக்கவே இல்லை.

பழைய பேரரசுகளும் இந்த வாதத்தைக் கைவிடவில்லை. 1950இல் மனித உரிமை உடன்படிக்கை வரைவு விவாதிக்கப்பட்டபோது, அது காலனிகளுக்குத் தானாகப் பொருந்தக் கூடாது என்று பிரிட்டன், பெல்ஜியம் முதலிய நாடுகள் கேட்டன. அங்குள்ள மக்களின் வளர்ச்சி நிலையும் வழக்கங்களும் வேறு என்பது அவை சொன்ன காரணங்களுள் ஒன்று. ஆசிய, அரபு நாடுகள் பலவும் இதை எதிர்த்தன. பொதுச்சபை அந்த விதிவிலக்கை நிராகரித்தது.

அமெரிக்க மானிடவியல் சங்கம் 1999இல் புதிய பிரகடனம் ஒன்றை ஏற்று, மனித உரிமைகளுக்கான ஆதரவை அறிவித்தது. ஹெர்ஸ்கோவிட்ஸின் அறிக்கை அனுப்பப்பட்டு அப்போது 52 ஆண்டுகள் ஆகியிருந்தன.