லைவ் ஸ்ட்ரீம் பார்த்தால் கேமில் பரிசு: 'டிராப்ஸ்' எப்படி வேலை செய்கிறது? வராவிட்டால் என்ன செய்வது?

ட்விட்ச் தளத்தில் யாரோ ஒருவர் விளையாடுவதை இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டீர்கள். பார்த்தால் கேமில் ஒரு துப்பாக்கி ஸ்கின்னோ, கீசெயின் மாதிரி ஒரு பொருளோ கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். இன்வென்டரி பக்கத்தைத் திறந்தால் 0 சதவீதம். அல்லது 100 சதவீதம் காட்டுகிறது, ஆனால் கேமுக்குள் எதுவும் வரவில்லை.

இந்த இரண்டும் வேறு வேறு பிரச்சனைகள். முதலாவதில் நீங்கள் பார்த்தது கணக்கில் ஏறவில்லை. இரண்டாவதில் பார்த்தது ஏறிவிட்டது, பொருள்தான் வந்து சேரவில்லை. எது உங்களுடையது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

டிராப்ஸ் என்றால் என்ன?

ட்விட்ச் 2011-ல் தொடங்கப்பட்ட லைவ் ஸ்ட்ரீமிங் தளம். 2014-ல் சுமார் 97 கோடி டாலருக்கு அமேசான் அதை வாங்கியது. கேம் தயாரிக்கும் நிறுவனங்கள் இந்தத் தளத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு 'கேம்பெய்ன்' நடத்தும். அந்த நாட்களில் அந்த கேமை ஸ்ட்ரீம் செய்பவர்களின் பக்கத்தில் 'டிராப்ஸ் எனேபிள்டு' என்ற குறிச்சொல் இருக்கும். அவர்களின் சேனலை 30 நிமிடம், 1 மணி நேரம், 4 மணி நேரம் என்று சொன்ன நேரம் பார்த்தால் பரிசு.

இதில் இரண்டு கணக்குகள் சம்பந்தப்படுகின்றன. ஒன்று ட்விட்ச் கணக்கு, இன்னொன்று கேம் கணக்கு (ரயட், ஸ்டீம், எபிக் மாதிரி). எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்று எண்ணுவது ட்விட்ச்சின் வேலை. பொருளைக் கொடுப்பது கேம் நிறுவனத்தின் வேலை. நடுவில் இருக்கும் பாலம், நீங்கள் செய்யும் 'கணக்கு இணைப்பு'. பெரும்பாலான குழப்பம் இந்தப் பாலத்தில்தான் நடக்கிறது.

யூடியூபிலும் இதே ஏற்பாடு உண்டு. அமைப்புகளில் 'கனெக்டட் ஆப்ஸ்' என்ற இடத்தில் கேம் கணக்கை இணைக்க வேண்டும். லாகின் செய்யாமல் பார்த்தால் அங்கே எதுவும் சேராது. யார் பார்த்தார் என்றே யூடியூபுக்குத் தெரியாதபோது யாருக்குக் கொடுக்கும்?

ஏன் சும்மா கொடுக்கிறார்கள்?

சும்மா இல்லை. நீங்கள் கொடுப்பது பார்வை நேரம். ட்விட்ச்சில் கேம்கள் பார்வையாளர் எண்ணிக்கைப்படி வரிசையாகக் காட்டப்படும். மேலே இருக்கும் கேமுக்குப் புதிய ஆட்கள் வருவார்கள்.

இதற்குப் பெரிய உதாரணம் 2020 ஏப்ரல் 7. அன்றுதான் ரயட் கேம்ஸ் வேலரன்ட்டின் மூடிய பீட்டாவைத் தொடங்கியது. கேமுக்குள் நுழையவே ட்விட்ச் டிராப் வேண்டும். ஸ்ட்ரீம் பார்த்தால் தகுதி கிடைக்கும், ஆனால் அனுமதி கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கிட்டத்தட்ட லாட்டரிதான். ஒரே நாளில் 3.4 கோடி மணி நேரம் பார்க்கப்பட்டதாகவும், உச்சத்தில் ஒரே சமயத்தில் 17 லட்சம் பேருக்கு மேல் பார்த்ததாகவும் ரயட் அறிவித்தது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 3.4 கோடியை 24-ஆல் வகுத்தால் நாள் முழுவதுக்குமான சராசரி 14 லட்சத்துக்கு மேல் வருகிறது. அதாவது சராசரியே உச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல். ஒரு கிரிக்கெட் மேட்சின் பார்வையாளர் வரைபடம் இப்படி இருக்காது, கடைசி ஓவருக்குத்தான் கூட்டம் ஏறும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் மாறி மாறி விழித்திருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், டேப்பைத் திறந்து வைத்துவிட்டுப் போனவர்கள். பார்ப்பவர்கள் மட்டுமல்ல, சில ஸ்ட்ரீமர்களும் தூங்கும்போதுகூட ஒளிபரப்பை ஓடவிட்டார்கள். பழைய பதிவை 'லைவ்' என்று போட்டவர்களைப் பற்றி ட்விட்ச் தனியாக எச்சரிக்க வேண்டி வந்தது. பீட்டா அனுமதி கிடைத்த கணக்குகள் இணையத்தில் விற்பனைக்கும் வந்தன.

இந்திய வாசகர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்த பீட்டா முதலில் வட அமெரிக்கா, ஐரோப்பா பகுதிகளில்தான் திறக்கப்பட்டது. இந்தியாவில் இருந்து எத்தனை மணி நேரம் பார்த்தாலும் இந்திய மண்டலக் கணக்குக்கு அதில் இடமில்லை. கேம் இங்கே வந்தது 2020 ஜூன் 2-ல், உலகளாவிய வெளியீட்டின்போது. ஆகவே எந்த கேம்பெய்னிலும் முதலில் படிக்க வேண்டியது பரிசின் படத்தை அல்ல, எந்தெந்த மண்டலங்களுக்கு என்ற வரியை.

உங்கள் டேட்டா எவ்வளவு போகும்?

இதை யாரும் சொல்வதில்லை, அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ட்விட்ச்சில் நல்ல தரமான ஸ்ட்ரீம் பொதுவாக நொடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் வருகிறது. ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜிபி. தினம் 2 ஜிபி டேட்டா தரும் பிளான் வைத்திருந்தால் 45 நிமிடத்திலேயே அன்றைய டேட்டா காலி. 4 மணி நேர டிராப் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 11 ஜிபி.

அதே ஸ்ட்ரீமை 160பி தரத்துக்குக் குறைத்தால் மணிக்கு ஏறக்குறைய 100 முதல் 150 எம்பிதான். 4 மணி நேரத்துக்கு அரை ஜிபி போதும். நிமிடக் கணக்கில் தரத்துக்கு மதிப்பெண் கிடையாது, 160பி-யில் பார்த்தாலும் ஒரு நிமிடம் ஒரு நிமிடம்தான். ஆனால் சின்னச் சேனல்கள் சிலவற்றில் தரம் குறைக்கும் வசதியே வராது. அப்படியானால் அதே கேம்பெய்னில் இருக்கும் பெரிய சேனலுக்கு மாறிவிடுங்கள்.

சதவீதம் ஏறவே இல்லை என்றால்?

முதலில் அந்தச் சேனலில் டிராப்ஸ் குறிச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சில கேம்பெய்ன்கள் எல்லாச் சேனல்களுக்கும் பொருந்தும். சிலவற்றில் பெயர் குறிப்பிட்ட 10, 20 சேனல்களில் மட்டும்தான் நேரம் ஏறும். உங்களுக்குப் பிடித்த ஸ்ட்ரீமர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் நாள் முழுக்கப் பார்த்தும் பயனில்லை. லைவ் முடிந்த பிறகு அதன் பதிவைப் பார்ப்பதும் கணக்கில் வராது.

அடுத்தது, எத்தனை டேப் திறந்திருக்கிறீர்கள்? நான்கு ஸ்ட்ரீமை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் நான்கு மடங்கு வேகமாக ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறாது. ஒரு நேரத்தில் ஒரு சேனலுக்குத்தான் கணக்கு. மற்றவை டேட்டாவைத் தின்பது மட்டுமே மிச்சம்.

பிறகு பிரவுசர். குரோம், எட்ஜ் போன்றவை நினைவகத்தை மிச்சப்படுத்த, நீங்கள் பார்க்காத டேப்களைத் தூங்க வைத்துவிடும். ஸ்ட்ரீம் ஓடுகிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது எப்போதோ நின்றிருக்கும். குரோமில் 'மெமரி சேவர்' அமைப்புக்குள் போய், எப்போதும் இயங்க வேண்டிய தளங்களின் பட்டியலில் ட்விட்ச்சைச் சேர்த்துவிடலாம். ஸ்ட்ரீமை ஒரேயடியாக மியூட் பண்ணாமல் சத்தத்தைக் குறைத்து வைப்பதும் உதவும், ஒலி ஓடும் டேப்பை பிரவுசர் பொதுவாகத் தூங்க வைக்காது. போனில் ஆப்பை மூடிவிட்டு வேறு வேலை பார்த்தால் கணக்கு நின்றுபோக வாய்ப்பு அதிகம்.

விளம்பரத் தடுப்பான்களும் கெடுக்கும். நீங்கள் எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று பக்கம் சர்வருக்குச் சொல்லும் தகவலையே சில தடுப்பான்கள் 'டிராக்கிங்' என்று நினைத்து நிறுத்திவிடுகின்றன. படம் அழகாக ஓடும், நேரம் ஏறாது. அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை அணைத்துவிட்டு, பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்து 15 நிமிடம் பாருங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாத வேறு பிரவுசரில் லாகின் செய்து பாருங்கள். அங்கே ஏறினால் கோளாறு உங்கள் பிரவுசரில். அங்கேயும் ஏறவில்லை என்றால் தளத்தின் பக்கம். சதவீதம் உடனுக்குடன் மாறாமல் சில நிமிடம் தாமதமாக மாறுவது சகஜம், நொடிக்கு நொடி ரெஃப்ரெஷ் செய்ய வேண்டாம்.

இன்னொரு இடத்திலும் மாட்டிக்கொள்வார்கள். வரிசையாக மூன்று பரிசு இருந்தால், பல கேம்பெய்ன்களில் முதல் பரிசை 'கிளைம்' பண்ணினால்தான் அடுத்ததற்கு நேரம் ஓட ஆரம்பிக்கும். இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் முதல் பரிசு 100 சதவீதத்தில் உங்களுக்காகக் காத்திருக்கும், இரண்டாவது 0-விலேயே இருக்கும்.

தேதியையும் சரிபாருங்கள். கேம்பெய்ன் நேரம் யூடிசி-யில் தரப்பட்டிருந்தால் 5.30 மணி நேரம் கூட்டினால் நம் நேரம். அமெரிக்க பசிபிக் நேரமாக இருந்தால் கோடையில் 12.30 மணி நேரம், குளிர்காலத்தில் 13.30 மணி நேரம் கூட்ட வேண்டும். '15-ம் தேதி காலை 10 மணிக்குத் தொடக்கம்' என்றால் இங்கே அது 15-ம் தேதி இரவு.

100 சதவீதம் ஆகியும் வரவில்லை என்றால்?

100 சதவீதம் என்பது பரிசு வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. இன்வென்டரிக்குப் போய் கிளைம் பொத்தானை அழுத்த வேண்டும். கேம்பெய்ன் முடிவதற்குள் அழுத்திவிடுங்கள், தள்ளிப்போட்டால் போச்சு.

கிளைம் செய்த பிறகும் வரவில்லையா? சில கேம்களில் 24 மணி நேரம் வரை ஆகும். அதன் பிறகு எந்த கேம் கணக்கை இணைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வீட்டில் அண்ணன், தம்பி ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால், இணைக்கும் நேரத்தில் அண்ணன் கணக்கு லாகினில் இருந்திருக்கும். தம்பி பார்த்த பரிசு அண்ணனுக்குப் போயிருக்கும். இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைப்பது பல நேரங்களில் வேலை செய்கிறது. ஆனால் அதை முதல் மருந்தாக எடுக்காதீர்கள். சில கேம்களில் ஒருமுறை துண்டித்தால் உடனே வேறு கணக்கை இணைக்க முடியாது.

எதுவுமே சரிவரவில்லை என்றால், இன்வென்டரியின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொண்டு கேம் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் புகார் செய்யுங்கள். கிளைம் ஆன பொருளுக்கு ட்விட்ச்சிடம் கேட்டால் கேம் நிறுவனத்திடம் கேளுங்கள் என்றுதான் பதில் வரும்.

பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் கதை வேறு

இந்தியாவில் அதிகம் பேர் விளையாடும் இந்த இரண்டு மொபைல் கேம்களில் பரிசு பெரும்பாலும் ரிடீம் கோடுகளாக வருகிறது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கோடுகள் 12 அல்லது 16 எழுத்து கொண்டவை, கெரீனாவின் ரிவார்ட்ஸ் தளத்தில் போட வேண்டும். கெஸ்ட் கணக்கு என்றால் செல்லாது. முதலில் கூகுள், ஃபேஸ்புக் போன்ற ஏதாவது ஒன்றுடன் இணைக்க வேண்டும். வேறு நாட்டு மண்டலத்துக்கான கோடும் இங்கே வேலை செய்யாது.

பிஜிஎம்ஐ கோடுகளை கிராஃப்டன் 2025-ல் வெளியிட்டபோது, ஒரு கோடை முதலில் வரும் 10 பேர் மட்டுமே பயன்படுத்தலாம் என்று விதி வைத்தது. 50 கோடு வெளியானாலும் மொத்தம் 500 பேர். 'இன்றைய ரிடீம் கோடுகள்' என்று தினமும் செய்தித் தளங்களில் வரும் பட்டியலை நீங்கள் படிக்கும்போது அந்தப் 10 பேர் முடிந்திருப்பார்கள். எங்கள் துறையே இதற்குப் பொறுப்பு, அதைப் பற்றி இன்னொரு நாள் எழுத வேண்டும்.

குறுக்கு வழிகள்

ஸ்ட்ரீமைப் பார்க்காமலேயே நேரத்தை ஏற்றித் தருவதாகச் சொல்லும் புரோகிராம்கள் இணையத்தில் சுற்றுகின்றன. தானியங்கி முறையில் தளத்தைப் பயன்படுத்துவது ட்விட்ச் விதிமுறைக்கு எதிரானது. அதைவிட முக்கியம், அவை உங்கள் லாகின் டோக்கனைக் கேட்கும். அது யார் கையில் இருக்கிறதோ, உங்கள் கணக்கு அவர் கையில்.

இதைவிடப் பெரிய ஆபத்து போலி ஸ்ட்ரீம்கள். கவுன்டர்-ஸ்டிரைக் 2-வின் பெரிய போட்டிகள் நடக்கும் சமயத்தில், திருடப்பட்ட யூடியூப் சேனல்களில் பிரபல வீரர்களின் பழைய வீடியோவை லைவ் போல ஓட்டி, கியூஆர் கோடு ஒன்றைக் காட்டி இலவச ஸ்கின் தருவதாக ஏமாற்றுவதை 2025-ல் பிட்டிஃபெண்டர் நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. கியூஆரை ஸ்கேன் செய்தால் ஸ்டீம் லாகின் போலவே ஒரு பக்கம் வரும். அதில் பாஸ்வேர்ட் போட்டால் உங்கள் ஸ்கின்கள் போய்விடும். உண்மையான டிராப்ஸ் எதுவும் ஸ்ட்ரீமில் தெரியும் கியூஆர் வழியாக பாஸ்வேர்ட் கேட்காது. கணக்கு இணைப்பைத் தளத்தின் அமைப்புகளில் இருந்து நீங்களே தொடங்குங்கள், யாரோ கொடுத்த லிங்க்கில் இருந்து வேண்டாம். பரிசை அனுப்ப 'டெலிவரி கட்டணம்' 49 ரூபாய் கேட்டாலும் அது மோசடியே.

ஏற்கனவே சிக்கிக்கொண்டீர்கள் என்றால், உடனே பாஸ்வேர்டை மாற்றி, எல்லா டிவைஸ்களில் இருந்தும் வெளியேறுங்கள். ஸ்டீமில் உங்கள் பெயரில் நீங்கள் உருவாக்காத ஏபிஐ கீ இருந்தால் அதையும் நீக்குங்கள். 2025 ஜூலைக்குப் பிறகு, கவுன்டர்-ஸ்டிரைக் 2 பொருட்களின் பரிமாற்றத்தை 7 நாட்களுக்குள் திரும்பப் பெறும் வசதியை வால்வ் கொடுத்திருக்கிறது. பணமும் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.