கணப்பு: தடவு முதல் கண்ணாடிச் சுவர் எரிவாயுக் கணப்பு வரை

கணப்பு அல்லது கணப்படுப்பு என்பது குளிர் காய்வதற்காக வீட்டுக்குள் தீ வளர்க்கும் அமைப்பு ஆகும். சமையல் அடுப்பிலிருந்து இது வேறானது. சனவரி இரவிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் இதற்குத் தேவை எழவில்லை. தமிழ்நாட்டில் கணப்புகளைப் பெரும்பாலும் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களிலேயே காணலாம்.

சங்க இலக்கியத்தில்

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை. வாடைக்காலத்தில் மக்கள் கதவுகளைத் தாழிட்டு, குளிர்ந்த நீரைத் தவிர்த்து, அகன்ற வாயுடைய தடவில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்ததை அது கூறுகிறது. தடவு என்பது நெருப்புச் சட்டி. அதற்குப் புகைபோக்கி கிடையாது.

நீலகிரியில்

தோதவர்களின் மரபுக் குடில் அரைப் பீப்பாய் வடிவம் கொண்டது. குனிந்து நுழைய வேண்டிய அதன் சிறிய வாயில் உள்வெப்பத்தைக் காத்தது. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1822-இல் உதகையில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. அதன்பின் பெருகிய ஆங்கிலேயர் வீடுகளில் புகைபோக்கியுடன் கூடிய சுவர்க் கணப்புகள் அமைந்தன.

திறந்த கணப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி புகையோடு வெளியேறிவிடும். 1790களில் ரம்ஃபோர்டு பிரபு, கணப்பின் ஆழத்தைக் குறைத்துப் பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைவழியை ஒடுக்கி இக்குறையைத் தணித்தார். ஆயினும் விறகுத் தேவை மிகுதியாகவே இருந்தது. சோலைக்காடுகள் விறகுக்காக வெட்டப்பட்டன. 1840களில் ஆஸ்திரேலியத் தைலமரம் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டதற்கு விறகுப் பற்றாக்குறை முக்கியக் காரணம். பின்னர் தைலமரமும் சீகை மரமும் புல்வெளிகளில் பரவின. இன்று அவற்றை அகற்றிச் சோலைகளையும் புல்வெளிகளையும் மீட்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன.

கண்ணாடியும் எரிவாயுவும்

சாதாரணக் கண்ணாடி தீயருகில் வெடித்துவிடும். எனவே பழைய இரும்புக் கணப்புகளின் சாளரங்களில் மைக்காத் தகடு பொருத்தினர். 1953-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்டு ஸ்டூக்கி, உலை தவறுதலாக மிகைச் சூடேறியபோது கண்ணாடிப் பீங்கானைக் கண்டறிந்தார். வெப்பத்தால் மிகக் குறைவாகவே விரிவடையும் இவ்வகைப் பொருள், தீயைச் சுற்றிலும் ஒளிபுகும் சுவர்களை அமைக்க வழிசெய்தது.

மூடிய எரிவாயுக் கணப்பில் ஒன்றினுள் ஒன்றாக இரு குழாய்கள் உண்டு. வெளிக்குழாய் வெளிக்காற்றை உள்ளே கொணரும்; உட்குழாய் எரிந்த வாயுவை வெளியேற்றும். இதனால் தீ அறைக்காற்றை எடுத்துக்கொள்வதில்லை.

வடிவமைப்பில் கருத வேண்டியவை

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே காற்றோட்டத் துளை தரைமட்டத்திலும் தேவை. இயற்கை எரிவாயு இலேசானது. அது மேலே எழும்.

உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஆவடியில் சரியாக எரியும் எரியியை அங்கு மாற்றமின்றிப் பொருத்தினால் எரிதல் முழுமையடையாது. கரியும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகும்.

எரிவாயுவில் கசிவை அறிய மணம் சேர்க்கப்படுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் இணைந்து, உயிர்வளி உடலெங்கும் செல்வதைத் தடுக்கிறது. மூடிய அறையிலோ கூடாரத்திலோ கரி மூட்டிவிட்டு உறங்கியவர்கள் இறந்த நிகழ்வுகள் மலைச் சுற்றுலா இடங்களில் உண்டு. கதவை அடைத்துத் தடவு மூட்டுவது இன்றும் ஆபத்தே. குளிர் காயும் அறையில் எரிந்த வாயு வெளியேறவும் புதிய காற்று உட்புகவும் வழி இருத்தல் வேண்டும்.