ஃபிஷிங் மின்னஞ்சல் (இணைய ஏல விற்பனை)

இணைய ஏலத்தில் பொருள் விற்பவரின் கடவுச்சொல்லைப் பறிக்க வரும் போலி மடல். மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பழம்பொருள் விற்பவரைப் போன்றோருக்கு வாடிக்கையாளர் கேள்வி அன்றாடம். மோசடிக்காரன் நுழைவதும் அவ்வழியே. “பணம் கட்டியாயிற்று, பித்தளை விளக்கு எங்கே? போலீசுக்குப் போவேன்” என்று மடல் மிரட்டும். பதறிப்போய்ப் ‘பதிலளி’ பொத்தானை அழுத்தினால், அசல்போலவே ஒரு நுழைவுப் பக்கம் திறக்கும். விற்காத பொருளைப் பற்றிய புகார், பெயரில்லாத விளிப்பு, அவசரப்படுத்தல் ஆகியவை அடையாளங்கள். மடலில் சரியான பெயர் இருப்பதாலேயே நம்பிவிடக் கூடாது. உறுதியான சோதனை ஒன்றுதான்: இணைப்பைத் தொடாமல், தள முகவரியைத் தானே தட்டச்சு செய்து உள்ளே போய், அங்குள்ள செய்திப் பெட்டியில் அதே மடல் இருக்கிறதா என்று பார்ப்பது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் இத்தகைய மோசடிக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. பணம் இழந்தவர் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.